வயிறு தரையில் படாமல்

எங்காத்துக்காரர் பெருமாளைச் சேவிக்கிற அழகைப் பார்க்கவே கோயிலில் நாலு பேர் நின்றுவிட்டுப் போவார்கள். மேல்துண்டை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு, கொடிமரத்துக்கு முன்னால் வெட்டிய வாழைமரம் மாதிரி நெடுஞ்சாண்கிடையாக விழுவார். எழுந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். முகம் வெளுத்திருக்கும். நெற்றி வேர்வை திருமண்ணைக் கரைத்துக்கொண்டு மூக்கில் வழியும். கை நடுங்கும், உடம்பெல்லாம் புல்லரித்திருக்கும். “என்ன பக்தி, என்ன பக்தி” என்று மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், ஆனால் வெளியில் காட்டிக்கொள்ள மாட்டேன். “போறும், மூச்சு வாங்கறது, சித்த உக்காருங்கோ” என்று ஒரு அதட்டல் போடுவேன்.

அதில் பக்தி எவ்வளவோ எனக்குத் தெரியாது. மிச்சமெல்லாம் இடது கிட்னிக்கு மேலே உட்கார்ந்திருந்த ஒரு கட்டியின் வேலை. அது தெரிய எங்களுக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

நாங்கள் இருந்தது ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதி ஒன்றில். அவர் திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் இரண்டு பேரும் ஒரே டவுன் பஸ்ஸில் போவோம், ஒரே பஸ்ஸில் திரும்புவோம். குழந்தை கிடையாது. சண்டை போடவும் நாங்களே, சமாதானம் பண்ணவும் நாங்களே.

எழுபதுகளின் நடுவிலேயே அவருக்கு அது ஆரம்பித்துவிட்டது. திடீரென்று தலையைப் பிளக்கும், நெஞ்சு படபடக்கும், சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கும். கால் மணியில் ஒன்றுமே நடக்காத மாதிரி காபி கேட்பார். ஆபீஸ் டென்ஷன் என்றார் ஒரு டாக்டர். என் வாய்தான் காரணம் என்றார் என் மாமியார், போகிற வரைக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு ஹார்ட் அட்டாக் வந்து பிழைத்தார். அதற்கும் பிரஷர்தான் காரணம் என்றார்கள். அந்தப் பிரஷருக்கு எது காரணம் என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கணக்கில் ‘ஏன்’ கேட்கச் சொல்லிக்கொடுக்கிற நானும் கேட்கவில்லை, போங்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஐப்பசி மாசம். காலையில் கிணற்றில் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாயிலிருந்து சத்தமே வரவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. டாக்ஸி பிடித்துக் காவேரிப் பாலத்தைத் தாண்டினோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் வந்து, எந்த டாக்டரும் செய்கிறபடி, வயிற்றை அங்கங்கே அமுக்கிப் பார்த்தார். இடது பக்கம் கை வைத்து அழுத்தியதும், “ஐயோ, தலை வெடிக்கறது” என்று கத்தினார் இவர். அதே வேர்வை, அதே நடுக்கம். நர்ஸ் பிரஷர் பார்த்தாள். பாதரசம் மேலே ஏறிக்கொண்டே போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். அது எந்தக் கோட்டில் நிற்கப் போகிறதோ என்று நானும் அவளும் பார்த்துக்கொண்டே இருந்தோம். சின்ன டாக்டர் கையை எடுத்துவிட்டு ஓடினார், பெரிய டாக்டரைக் கூட்டிவர.

பெரிய டாக்டர் கத்தோலிக்கர். அவர் பெண் என்னிடம் படித்தவள். அதனால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அப்போதுதான் திருச்சிக்கு ஸ்கேன் மிஷின் வந்திருந்தது. அந்தப் படத்தைக் காட்டினார். எனக்கு அது ஈயம் போன பாத்திரத்தின் அடி மாதிரி தெரிந்தது. பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவரே வரைந்து காட்டினார்.

“கிட்னி மேல தொப்பி வச்ச மாதிரி ஒரு சுரப்பி இருக்குங்க டீச்சர். பயம் வந்தா நெஞ்சு அடிச்சுக்குது இல்லையா, அதுக்கான சரக்கை ரத்தத்துல விடுறது அதுதான். சாருக்கு அதுல ஒரு கட்டி. லேசா அமுக்கினாலும் குழாயைத் திறந்து விட்ட மாதிரி கொட்டிடும். இப்ப அந்தக் கட்டிக்குள்ளேயே ரத்தம் கசிஞ்சிருக்கு.”

“எடுத்துடுங்களேன்” என்றேன். வேறு என்ன சொல்வேன்?

ஆபரேஷன் டாக்டர் வந்து பார்த்தார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்தார், இ.சி.ஜி. காகிதத்தை நீள நீளமாக இழுத்துப் பார்த்தார், கையை விரித்துவிட்டார். ஏற்கெனவே பழுதான இருதயம். கத்தி பட்டால் கட்டி ஒரேயடியாகக் கொட்டும், அதை அந்த இருதயம் தாங்காது. மெட்ராஸில், வேலூரில், ரத்தக்குழாய் வழியாகவே போய்க் கசிவை அடைக்கிற வித்தை இருக்கிறதாமே என்று கேட்டேன். அத்தனை தூரம் வண்டியில் குலுங்கினால் வழியிலேயே கட்டி உடையும் என்றார்கள்.

“திறந்தா மேஜையிலேயே போயிடலாம். திறக்காட்டா இன்னும் கசியலாம், கசியாமலும் இருக்கலாம்” என்றார் பெரிய டாக்டர்.

“அப்போ என்னதான் பண்ணப் போறீங்க?”

“பாக்கலாம் டீச்சர்.”

கணக்கு டீச்சரிடம் போய் ஒரு விடையா இது? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பாவம், அந்த மனுஷருக்கும் அதற்குமேல் தெரியவில்லை.

அந்த ‘பாக்கலாம்’ என்பது மூன்று விஷயம் என்று போகப் போகப் புரிந்தது. குறைந்த ரத்தத்தை ஏற்றுவது, பிரஷர் ஏறாமல் வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பது, வயிற்றில் துளி அழுத்தம் படாமல் படுக்கப்போடுவது. உறைந்த ரத்தம் தானாக வற்றினால் பிழைத்தார். சில பேருக்குக் கட்டியே தன் ரத்தத்தில் மூழ்கிச் செத்துப்போவதும் உண்டாம். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

ரத்தம் கொடுத்தது எங்கள் பள்ளிக்கூட வாட்ச்மேன், பக்கத்துக் காலேஜ் வாத்தியார்கள் இரண்டு பேர், அவர் ஆபீஸ் பியூன். பாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும்போது இவர் என்னைக் கூப்பிட்டு, “அடியே, இப்போ என் உடம்புல யார் யாரோ ஓடறா. இனிமே உன் மடி ஆசாரமெல்லாம் என்கிட்ட செல்லாது” என்று சிரித்தார். சிரித்தவரை அதட்டினேன், சிரித்தாலும் வயிறு குலுங்குமே.

அப்படி ஆகிவிட்டேன் நான். அவர் இருமக் கூடாது. தும்மக் கூடாது, அதனால் முப்பது வருஷத்து மூக்குப்பொடி டப்பாவைக் கொல்லையில் வீசினேன். முக்கக் கூடாது, அதனால் தினம் ராத்திரி கடுக்காய். வேஷ்டியை இறுக்கிக் கட்டக் கூடாது. அரைஞாண் கயிற்றைக்கூட அறுத்துப் போட்டேன். இருதய டாக்டர் உப்பே ஆகாது என்பார். பெரிய டாக்டரோ, “இந்த மாத்திரைக்கு உப்பு வேணும் டீச்சர், இல்லாட்டி எழுந்திரிச்சு நின்னா பிரஷர் விழுந்துடும்” என்பார். அடுப்பில் கொதிக்கிற சாத்தமுதில், ரசத்தைத்தான் சொல்கிறேன், உப்பைப் போட்டுவிட்டு, போட்டதற்கு அழுதுகொண்டு நிற்பேன். இரண்டு பேரில் யார் சொல்வதைக் கேட்டு நான் அவரைக் கொல்லப் போகிறேன் என்று தோன்றும்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு நான்தான் கேட்டேன். “டாக்டர், எங்களில் பெரியவாளைப் பார்த்தால் விழுந்து சேவிக்கணும். இவர் அதில் ரொம்பக் கெடுபிடி.”

“எப்படி விழுவார்?”

கையால் காட்டினேன். டாக்டர் நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு இவரிடம் கேட்டார், “சார், அப்படி விழுந்து எந்திரிக்கிறப்ப உங்களுக்கு என்ன பண்ணும்?”

இவர் சொன்னார், அந்த நடுக்கம், வேர்வை, படபடப்பு, புல்லரிப்பு எல்லாவற்றையும். ஒரு ரகசியத்தைச் சொல்கிறவர் மாதிரி, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். டாக்டர் மெதுவாகத் தலையை ஆட்டினார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. தரையில் விழும்போதெல்லாம் கட்டி அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

“இனிமே அது மட்டும் வேண்டாம் சார். எங்க மாதிரி வேணா நிமிர்ந்து முழங்கால் போடுங்க, சாமி ஏத்துக்குவார்” என்று சிரித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர், இதமாகத்தான் சொன்னார்.

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “பெருமாள்னு நெனச்சுண்டிருந்தேண்டி” என்றார். “கட்டியாம்.”

முதுகைத் தடவிக் கொடுத்தேன். அதுவும் விலாப் பக்கம் கை போகாமல், மேலே மேலே தடவினேன்.

வீட்டில் கூடத்தின் நடுவே கட்டிலைப் போட்டேன். அங்கே படுத்தால் ரேழி வழியாக வாசற்கதவும் தெருவும் நேரே தெரியும், அவருக்குப் பொழுது போகும் என்று. பள்ளிக்கூடத்துக்குச் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்தேன். எமன் வந்தாலும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும் என்கிற மாதிரி ரேழியில் உட்கார்ந்துகொண்டேன்.

எமன் வரவில்லை. உறவுக்காரர்கள் வந்தார்கள். முதலில் வந்தது மன்னார்குடியிலிருந்து அவருடைய பெரியப்பா. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, எப்போதும் போல, சேவிக்கிறவனுக்கு வாகாகக் காலைச் சேர்த்து நின்றார். இவர் போர்வையை விலக்கிக்கொண்டு காலைக் கீழே வைத்தார். நான் நடுவில் போய் நின்றேன்.

“பெரியப்பா, டாக்டர் கூடாதுன்னுட்டார். அவருக்கும் சேர்த்து நானே சேவிச்சுடறேன்” என்று ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு என இரண்டு தரம் சேவித்தேன். பெண்கள் சேவிப்பது வேறு மாதிரி. முழங்காலை மடக்கி, நெற்றியை மட்டும் தரையில் வைப்போம், எங்கள் வயிறு தரையில் படாது. பெரியப்பா தடுமாறிப்போய் இரண்டு ஆசீர்வாதம் பண்ணினார்.

அவர் போனதும் இவருக்குக் கோபம். “எனக்குப் பதிலா நீ விழறது நன்னால்ல.”

“ஏன், ஆறு சப்ஜெக்டுக்கு ஒரே டீச்சர் இல்லையா? அப்படித்தான்.”

“வேடிக்கை இல்லைடி. சேவிச்சா ஜோடியா சேவிக்கணும். நீ ஒண்டியா விழறதைப் பார்த்தா எனக்கு என்னமோ பண்றது.”

“பண்ணட்டும். நீங்க படுங்கோ” என்றேன். அந்தப் பேச்சை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் இரண்டிரண்டாகச் சேவித்து என் முழங்கால் காய்த்துப்போயிற்று. வைகுண்ட ஏகாதசி அன்றைக்குப் பட்டினி இருப்பேன் என்று அடம் பிடித்தவரை, சாப்பாடு இல்லாமல் மாத்திரை போடக் கூடாது என்று திட்டி அரிசி உப்புமா சாப்பிட வைத்தேன். எத்தனையோ பிறவிக்கான பாவத்தை அந்த ஒரு உப்புமாவில் சேர்த்துக்கொண்டேன் என்றார். இருக்கட்டும், அதையும் நான்தான் கிளறினேன், என் கணக்கில் வரட்டும் என்றேன்.

மார்கழிக் கடைசியில் மறுபடியும் ஸ்கேன். டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரத்தக்கட்டு பாதியாகக் குறைந்திருந்தது.

“இன்னும் ஆறு வாரம் இப்படியே காப்பாத்திட்டீங்கன்னா...” என்று ஆரம்பித்து, முடிக்காமல், “பாக்கலாம்” என்றார். அந்தத் தடவை அந்த வார்த்தை எனக்குச் சர்க்கரையாக இனித்தது. திரும்பி வரும்போது காவேரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று டாக்ஸி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்று மாசமாக நான் அதைப் பார்க்கவே இல்லை.

தை உற்சவம் வந்தது. உத்தர வீதியில் பெருமாள் காலையில் எழுந்தருளுவார். எங்காத்து வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். முதல் நாளே கதவைச் சாத்திவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

“கதவை மட்டும் திறந்து வை” என்றார். “படுத்துண்டே சேவிக்கிறேன். சத்தியமா எழுந்திருக்க மாட்டேன்.”

கெஞ்சின மாதிரி இருந்தது. மூன்று மாசம் நான் சொன்னதையெல்லாம் கேட்ட மனுஷர். தலைக்கு இரண்டு தலையணையை வைத்து உயர்த்தி, கதவை விரியத் திறந்து வைத்தேன். கோலம் போட்டு, தேங்காய் பழத் தட்டோடு வாசலில் நின்றேன். நாயனச் சத்தம் தெருமுனையில் திரும்பியது. கோஷ்டி பாசுரம் சொல்லிக்கொண்டு முன்னால் வர, பின்னால் பல்லக்கு வந்து எங்காத்து வாசலுக்கு நேரே நின்றது. கற்பூரம் காட்டினார்கள். நான் திரும்பி உள்ளே பார்த்தேன். தலையணையில் சாய்ந்தபடி கையைக் கூப்பிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. சரி என்று தெருவில் மண்டியிட்டேன்.

எங்கள் வழக்கத்தில் ஒரு தரம் சேவித்தால் போதும். நாலு தரம் சேவிக்கிறது எங்களவர்களிலேயே இன்னொரு பிரிவுக்காரர் வழக்கம். நான் எனக்கு ஒன்று சேவித்தேன். அவருக்கு ஒன்று சேவித்தேன். எழுந்திருந்தால் பெருமாள் இன்னும் நின்றுகொண்டிருந்தார். விடுவேனா? அந்த ஆறு வாரத்துக்காக ஒன்று சேவித்தேன். இன்னும் மனசு ஆறவில்லை. கட்டி செத்துப்போகட்டும் என்று ஒன்று சேவித்தேன். நெற்றியைத் தரையில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவசரமில்லாமல் வேண்டிக்கொண்டேன்.

எழுந்து திரும்பினேன்.

வாசற்படிக்கு உள்ளே, ரேழித் தரையில், நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். இரண்டு கையும் தெருவைப் பார்த்து நீட்டியிருந்தது. மேல்துண்டை இடுப்பில் இறுகக் கட்டியிருந்தார்.

பக்கத்தாத்து மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பாருங்கோ, இந்த நெலமையிலயும்! என்ன பக்தி!” தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. சேவித்துக்கொண்டிருக்கிறவரை யாராவது போய்த் தூக்குவார்களா? அவர் எழுந்திருப்பார் என்று காத்திருந்தார்கள். “ஐயோ, தூக்குங்கோ, யாராவது தூக்குங்கோ” என்று நான் அலறியது நாயனத்தில் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் புரட்டினேன். ஜில்லென்று வேர்த்திருந்தது. பல்லக்கு நகர்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் முதலில் பாதரசம் ஏறியது. பிறகு இறங்க ஆரம்பித்தது. ரத்தம் ஏற்ற ஏற்ற இறங்கிக்கொண்டே இருந்தது. அதே வாட்ச்மேன் மறுபடியும் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றான். ஆபரேஷன் டாக்டரும் வந்து நின்றார், போனார். பெரிய டாக்டர் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. பாக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவருக்கு நினைவு தெளிந்தது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. “சத்தியம் பண்ணினேளே! பெருமாள் என்ன, நாளைக்கு வரமாட்டாரா? அப்படி என்ன பக்தி உங்களுக்கு?”

“பெருமாளுக்காக இல்லைடி” என்றார். குரல் காற்றாக வந்தது. “நீ ஒண்டியா விழுந்துண்டே இருந்தே. ஒரு தரம் ஆச்சு, ரெண்டு ஆச்சு, நிறுத்தவே மாட்டேங்கறே. பாத்துண்டு படுத்திருக்க முடியலை.”

மறுநாள் உச்சிக்குள் போய்விட்டார். எங்கள் வழக்கப்படி ஒரு தரத்தோடு நிறுத்தியிருந்தால், திரும்பிப் பார்த்திருப்பேன். கட்டிலிலிருந்து கால் இறங்கும்போதே பார்த்திருப்பேன், ஒரு அதட்டலில் படுத்திருப்பார். இந்தக் கணக்கை எத்தனை தரம் போட்டாலும் அதே விடைதான் வருகிறது.

இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். தையில் பெருமாள் வருகிறார், வாசலில் நிற்கிறார். தெருவே விழுந்து சேவிக்கிறது. நான் மட்டும் விழுவதில்லை. டீச்சருக்குத் திமிர், பெருமாளிடமே கோபம் என்று பேசிக்கொள்கிறார்களாம், பேசட்டும். கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணை விரியத் திறந்துகொண்டு நிற்கிறேன். பல்லக்கு நகர்கிற வரைக்கும் வாசற்படியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.